இசைத்தட்டும் வால்வும்: இரைச்சலை வென்ற வரலாறு

பிழைப்புக்காகக் கல்கத்தா வந்த தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த பொருள்களில் இசைத்தட்டுகளும் உண்டு. லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டில், குத்துவிளக்குக்கு அடுத்த மரியாதை அப்பாவின் எல்.பி. அடுக்குக்குத்தான். "விளிம்பைப் பிடிடா, தட்டு மேல கை வைக்காதே" என்பது அவர் அன்றாடம் ஓதிய மந்திரம். அவர் காலத்துக்குப் பிறகு அந்த அடுக்கு என்னிடம் வந்தது. அவற்றில் சில, குறுந்தகடாக என் கண்ணில் படவே இல்லை. பேரக் குழந்தைகள் அவற்றைக் கேட்க வேண்டுமானால் தட்டு சுழன்றுதான் ஆக வேண்டும். அதற்கு நல்லதொரு வால்வு ப்ரீ-ஆம்ப் தேடிப் புறப்பட்டேன். கடைத்தெருவில் தொடங்கிய தேடல் என்னை வரலாற்றில் கொண்டுபோய் விட்டது. அதை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கல்கத்தாவும் இசைத்தட்டும்

1902 நவம்பரில் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அந்தத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகிக் கப்பலில் திரும்பி வந்தன. 1908இல் சியால்டாவிலேயே தொழிற்சாலை வந்தது. பின்னர் அது டம்டமுக்கு மாறியது. தென்னிந்தியக் கலைஞர்களின் எச்.எம்.வி. தட்டுகள் பல இந்த டம்டமில் அச்சானவையே. சென்னையில் வாங்கி இங்கே கொண்டுவந்த தட்டு, உண்மையில் பிறந்த ஊருக்குத்தான் திரும்பியது!

தொடக்கத்தில் மின்சாரத்துக்கு இதில் வேலையே இல்லை. பாடகர் புனலுக்குள் பாட, அந்த அதிர்விலேயே ஊசி தடம் கீறியது. 1925இல் மைக்கும் வால்வும் பதிவுக்கூடத்துக்குள் நுழைந்தன. தாழ்ந்த குரலும் தம்புராவின் நாதமும் தட்டில் ஏறின. கூடவே, மின்சாரத்தின் நிழலான இரைச்சலும் வந்து சேர்ந்தது.

ஓர் உடன்படிக்கை

தாழ்ந்த சுரங்களை அப்படியே பதித்தால் தடம் அகலமாக அலைந்து பக்கத்துத் தடத்தில் இடிக்கும். ஆகவே பதிவின்போது அவற்றைக் குறைத்தும், உச்ச சுரங்களை உயர்த்தியும் பதிப்பார்கள். கேட்கும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஃபோனோ ப்ரீ-ஆம்பின் முதல் கடமை இதுவே. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஓர் அளவு வைத்திருந்ததால், 1950களின் தொடக்கத்தில் சால் மராண்ட்ஸ் போன்றோர் செய்த ப்ரீ-ஆம்புகளில் அளவை மாற்றிக்கொள்ளக் குமிழ்கள் இருந்தன. 1954இல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் அமெரிக்க இசைத்தட்டுச் சங்கத்தின் அளவு பொது அளவானது. காலப்போக்கில் உலகமே அதை ஏற்றுக்கொண்டது.

இதில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. அந்த அளவின்படி 50 ஹெர்ட்ஸ் ஒலி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட ஏறத்தாழ 7 மடங்கு கூடுதலாகப் பெருக்கப்படுகிறது. நம் வீட்டு மின்சாரம் துடிப்பதும் அதே 50 ஹெர்ட்ஸில்தான். சாதாரண மூவிங் மேக்னட் பிக்கப் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். சுவரில் இருப்பதோ 230 வோல்ட், அதாவது 46,000 மடங்கு. மூவிங் காயில் பிக்கப் தருவது பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்தான். யானை நடக்கும் தெருவில் எறும்பின் பேச்சைக் கேட்கிற வேலை இது.

தொலைபேசி தந்த பாடம்

இந்தத் தொல்லையை முதலில் அனுபவித்தவர்கள் தொலைபேசிக்காரர்கள். அவர்களிடம் முதலில் இருந்தது ஒற்றைக் கம்பி. திரும்பும் வழி பூமி. பக்கத்து மின்கம்பிகளின் இரைச்சல் எல்லாம் பேச்சில் கலந்தது. 1881இல் கிரகாம் பெல் இரண்டு கம்பிகளை முறுக்கிப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வெளி இரைச்சல் இரு கம்பியிலும் ஒரே அளவில் நுழையும்; பேச்சு மட்டும் எதிரெதிராக ஓடும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் கழிந்துபோகும். 'பேலன்ஸ்டு' என்பதன் பொருள் இவ்வளவுதான்.

இதை வால்வில் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஆலன் பிளம்லைன். கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் 1931இல் இணைந்து உருவான இ.எம்.ஐ.யின் பொறியாளர் அவர். நம் டம்டம் ஆலைக்கும் அதுவே தாய் நிறுவனம். ஒரே தடத்தில் இரு ஒலிகளைப் பதிக்கும் ஸ்டீரியோ முறைக்கு 1931இல் விண்ணப்பித்தார். 1936இல் இரண்டு வால்வுகளைத் தராசின் இரு தட்டுகளைப்போல நிறுத்தி, வித்தியாசத்தை மட்டும் பெருக்கும் சுற்றுக்குக் காப்புரிமை கோரினார். 1942இல் ரேடார் சோதனை விமானம் விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 38. ஸ்டீரியோ தட்டு கடைக்கு வந்ததோ 1958இல்தான். இன்றைய பேலன்ஸ்டு வால்வு ஃபோனோ ப்ரீ-ஆம்ப், அவருடைய இரு கொடைகளும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கும் இடம்.

நான் பட்ட பாடு

நான் வாங்கிய கருவியில் எட்டு வால்வுகள். பின்னால் மூன்று முள் சாக்கெட்டுகள். "சத்தமே வராது சார்" என்றார் விற்றவர். வீட்டில் போட்டதும் வலது பக்கம் 'ம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம். சாந்தினி சௌக்கில் வால்வு ரேடியோ பார்க்கும் முதிய மிஸ்திரி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ப்ரீ-ஆம்பைத் திறக்கவே இல்லை. பிக்கப்பை மட்டும் கழற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தார். வலது சேனலின் ஒரு முனையைப் பிக்கப்பின் உலோக உடலோடு சேர்க்கும் சிறு தகடு ஒன்று அங்கே இருந்தது. "தாதா, தராசுல ஒரு தட்டைக் கையால அமுக்கிட்டு எடை பார்க்கறீங்க" என்றார், பாதி இந்தியிலும் பாதி வங்காளியிலுமாக. தகட்டை நீக்கினார், ரீங்காரம் நின்றது.

ஆனால் இடது பக்கம் 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய இரைச்சல் பாக்கி இருந்தது. கருவியை அணைத்து, ஆறவிட்டு, இருபக்க முதல் வால்வுகளையும் இடம் மாற்றினார். 'ஸ்ஸ்' வலது பக்கம் போய்விட்டது. "வால்வுதான் குற்றவாளி" என்றார்.

அன்று புரிந்தது: 'ம்ம்' வேறு, 'ஸ்ஸ்' வேறு. முன்னது வெளியிலிருந்து வருவது. அதை பேலன்ஸ்டு முறை கழித்துவிடும். பின்னது வால்வுக்குள் எலெக்ட்ரான்கள் தாறுமாறாகப் பாய்வதால் பிறப்பது. 1918இல் ஷாட்கி விளக்கிய இந்த இரைச்சலுக்கு எதிராகத் தராசு செல்லாது. அது மட்டுமல்ல, ஒரு வால்வின் இடத்தில் இரண்டை வைத்தால் 'ஸ்ஸ்' சுமார் 3 டெசிபல் கூடவே செய்யும். வால்வின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் விளம்பரம் இதைச் சொல்வதில்லை.

வாங்குவோர் கவனத்துக்கு

முதலில் உங்கள் பிக்கப்பைப் பாருங்கள். அதன் நான்கு முனைகளும் உடலைத் தொடாமல் தனித்திருந்தால் அது இயல்பாகவே பேலன்ஸ்டுதான். கேபிளில் அந்த நான்கு கம்பிகளும் தனித்தனியாக வர வேண்டும். கைக்கான எர்த் கம்பி வேறாக இருக்க வேண்டும்.

அடுத்து, மூன்று முள் சாக்கெட்டைக் கண்டு மயங்காதீர்கள். உள்நுழைவிலிருந்தே இரு பாதியும் சமமாக இயங்குகிறதா, அல்லது சாக்கெட் வெறும் அலங்காரமா என்று கேளுங்கள். மூவிங் காயில் என்றால் முன்னால் நல்ல ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் இருப்பது நல்லது. வால்வின் 'ஸ்ஸ்' தொடங்கும் முன்பே அது சைகையை உயர்த்திவிடும், பேலன்ஸும் தானாக அமையும்.

முதல் வால்வுகள் இரைச்சல் பார்த்துத் தேர்ந்தவையாகவும் ஜோடி சேர்ந்தவையாகவும் இருக்க வேண்டும். அவற்றின் ஹீட்டருக்கு டி.சி. மின்சாரம் வேண்டும். பவர் சப்ளை தனிப்பெட்டியில் இருந்தால் உத்தமம். டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் நேரே பிக்கப்பின் சுருளுக்குள் புகுந்தால் எந்தத் தராசும் அதைக் கழிக்காது, தூரம்தான் மருந்து.

நம்பகத்துக்கு என் அளவுகோல் எளியது: எங்கும் கிடைக்கும் வால்வு. ஈசிசி83 என்னும் 12ஏஎக்ஸ்7 இன்றும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் தயாராகிறது. நம் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் வால்வுகள் செய்தது. அவை இன்று பழைய சரக்காகத்தான் கிட்டும். அபூர்வ வால்வுக் கருவி அழகாயிருக்கும். ஒன்று பழுதானால் பெட்டி பரணுக்குப் போகும். வெளிநாட்டுக் கருவி 230 வோல்ட்டுக்கானதா என்று பார்ப்பதும், சுற்றுப்படத்தைக் கேட்டு வாங்கி வைப்பதும் அவசியம்.

கடையில் தட்டு போடுமுன், ஊசியைத் தூக்கி வைத்து, வழக்கமான ஒலியளவில் உங்கள் நாற்காலியிலிருந்து கேளுங்கள். 'ம்ம்', 'ஸ்ஸ்' இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டி மணியோசை வருகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: ரீங்காரத்தை நிறுத்த பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிடாதீர்கள். உள்ளே இருப்பது 250 வோல்ட்டுக்கும் மேல். அது உயிர் விஷயம்.

கிட்டப்பா, சுந்தராம்பாள் காலத்து 78 தட்டுகளுக்கு அகலமான ஊசியும் பழைய அளவும் வேண்டும். ஆர்.ஐ.ஏ.ஏ. அளவில் அவை மங்கலாகவே கேட்கும்.

சென்ற மார்கழியில் அப்பாவின் எம்.எஸ். சுப்ரபாதத் தட்டை வைத்தேன். ஊசி இறங்கியதும் முன்போல 'ம்ம்' இல்லை. பாட்டுக்கு முந்திய அந்த ஓரிரு நொடி மௌனம் மட்டும் இருந்தது. பேத்தி கேட்டாள்: "தாத்தா, ஆன் பண்ணவே இல்லையா?" கருவிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தேவைப்படவில்லை. "விளிம்பைப் பிடி கண்ணு" என்று அடுத்த தட்டை அவள் கையில் கொடுத்தேன்.