பாட்டும் பண்டமும்: யாவாத் தீவின் பறவை வாணிபம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கூண்டுப் பறவையை நாம் பெரும்பாலும் கவிதையின் குறியீடாகவே அறிந்துள்ளோம். அக்குறியீட்டுக்கு ஒரு விலையும், அவ்விலைக்கு ஒரு வரலாறும் உண்டென்பது இலக்கிய ஆய்வாளரின் கவனத்துக்கு அதிகம் வருவதில்லை. இந்தோனேசியாவின் யாவாத் தீவில் நிகழ்ந்துவரும் பாடும் பறவை வாணிபம் இவ்வகையில் நமது சிந்தனைக்குரியது. அத்தீவின் 36 மில்லியன் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் 66 முதல் 84 மில்லியன் வரையிலான பறவைகளைக் கூண்டுகளில் வைத்திருந்தனர் என 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இவற்றுட் பல பண்ணைகளிற் பெருக்கப்பட்டவை. எனினும் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவற்றின் தொகையும் பெரிது.

இதனை ‘யாவா மக்களின் பண்பாடு’ எனக் கூறி அமைதி காண்போர் உளர். வீடு, மனைவி, குதிரை, பறவை, கிறிஸ் எனும் குறுவாள் ஆகிய ஐந்தும் நிறைவுற்ற ஆடவனுக்குரியவை என்பது அங்குள்ள மரபு. ஆனால், இம்மரபு யாருடையது என்ற வினா எழுப்பப்படல் வேண்டும். பெண்ணையும் குதிரையையும் ஒரே வரிசையில் உடைமைகளாக எண்ணும் இந்நோக்கு, பிரியாயி எனப்பட்ட மேட்டுக்குடியினரின் வாழ்க்கை இலட்சியமாகும். 1970களிலிருந்து பெருகிய பாட்டுப் போட்டிகள் இவ்விலட்சியத்தை நகர்ப்புற மத்தியதர வர்க்கத்தினரிடையேயும் உழைப்பாளரிடையேயும் சந்தைவழிப் பரப்பின. கேட்டு மகிழும் பயன்மதிப்புக்கு மேலாகப் பரிவர்த்தனை மதிப்பு ஓங்கியது. பரிசு பெற்ற பறவையின் விலை பன்மடங்காகிறது. அதற்குப் பாட்டுப் பழக்குவதற்கென்றே வேறு இனப் பறவைகளும் பிடிக்கப்படுகின்றன.

பிடிப்பவன் யார்? ஒல்லாந்தர் ஆட்சியில் 1830இல் தொடங்கிய கட்டாயப் பயிர்ச்செய்கை முறை, உழவனின் நிலத்தையும் உழைப்பையும் ஏற்றுமதிப் பயிர்களுக்கெனப் பறித்தது. உரிமை நிறுவப்படாத நிலமெல்லாம் அரசுக்குரியது என்ற கொள்கையை 1870ஆம் ஆண்டின் நிலச்சட்டம் வலுவாக்கியது. நேற்றுவரை தன் கிராமத்தின் புழக்கத்திலிருந்த காட்டில் உழவன் அத்துமீறுபவனானான். ரைன்லாந்தின் விறகுத் திருட்டுச் சட்டம் குறித்து 1842இல் மார்க்ஸ் எழுதியவை இவ்விடத்து நினைவுகூரத்தக்கன. வழக்காறு குற்றமாக மாறும் கணம் அங்கும் இதுவே.

யாவாவின் காடுகள் வறிதாகவே, வேட்டை சுமாத்திராவுக்கும் கலிமந்தானுக்கும் பெயர்ந்தது. பசையும் வலையும் கொண்டு பிடிக்கப்படும் பறவை, ஊர்ச் சேகரிப்பாளன் கைமாறி, லம்புங் வழியாகச் சுந்தா நீரிணையைக் கடந்து நகரச் சந்தையை அடைகிறது. வழியில் இறப்பவை இலாபக் கணக்கிற் கழிவாகவே கொள்ளப்படுகின்றன. 2014இல் சகார்த்தாவின் மூன்று சந்தைகளில் மூன்றே நாட்களில் 19,000க்கும் மேற்பட்ட பறவைகள் கணக்கிடப்பட்டன. சங்கிலியின் முதற்கண்ணியில் நிற்பவன் விலையை நிர்ணயிப்பதில்லை. இறுதிக்கண்ணியில் நிற்பவன் காட்டைக் காண்பதில்லை.

சாதாரணப் பண்டமொன்றின் விலை உயர்ந்தால் உற்பத்தி பெருகும். காட்டுப் பறவையோ மனித உழைப்பால் உற்பத்தியாவதன்று; எனவே விலையேற்றம் வேட்டையை மட்டுமே பெருக்குகிறது. அருமை விலையை உயர்த்த, விலை அருமையை மிகுவிக்கிறது. வைக்கோல் நிறத் தலையுடைய கொண்டைக்குருவி யாவாவில் அற்றுப்போனமை இதன் விளைவே. 1970இலேயே சட்டப் பாதுகாப்புப் பெற்ற பாலி மைனாவின் கதையும் இத்தகையது. மீண்டும் காட்டில் விடுவதற்கெனக் காப்பகத்தில் வைத்திருந்த 39 பறவைகளுள் ஏறத்தாழ அனைத்தையும் 1999இல் ஆயுதக் கும்பலொன்று கவர்ந்து சென்றது.

அரசின் நிலைப்பாடு முரண்பாடுடையது. 2018 மார்ச்சில் போகோர் நகரில் நடந்த போட்டியொன்றிற் கலந்துகொண்ட அன்றைய சனாதிபதி, இத்துறையில் ஆண்டுதோறும் 170,000 கோடி ரூபியா புழங்குவதாகப் பெருமிதத்துடன் குறிப்பிட்டார். அவ்வாண்டு நடுப்பகுதியில், நமது நாட்டுக் காடுகளிலும் வாழும் சோலைபாடி உட்படப் பல இனங்கள் பாதுகாப்புப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. வளர்ப்போரும் பண்ணையாளரும் எதிர்க்கவே, சில மாதங்களுக்குள் சோலைபாடியும் மேற்கூறிய கொண்டைக்குருவியும் அதிலிருந்து நீக்கப்பட்டன. 1990ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஆயினும், வலையுடன் காட்டில் நிற்பவனும் கூண்டைச் சுமப்பவனும் சட்டத்தின் கைக்கு எளிதில் எட்டுபவர்கள். கேள்வியை உருவாக்கும் பணமோ பகிரங்க மேடையில் வெற்றிக்கிண்ணம் வழங்குகிறது.

முற்போக்காளராகிய நமக்கும் இதிற் பாடமுண்டு. வேட்டையாடுபவனின் வறுமையைச் சுட்டுவதோடு நமது கடமை முடிந்துவிடுவதில்லை. காடு மௌனமான பின்னர் அவ்வறியவனுக்கு எஞ்சப்போவது வெறும் வலை மட்டுமே. இயற்கையை வற்றாத களஞ்சியமாகக் கொள்ளும் மயக்கத்தை விடுத்து, காட்டோர மக்களின் நிலவுரிமையையும் பறவையின் வாழ்வுரிமையையும் ஒரே போராட்டத்தின் இரு கூறுகளாகக் காண்பதே நாம் செய்யவேண்டியது.