ரோமாபுரியின் மீன்சாறும் சில முகச்சுளிப்புகளும்

ஒரு செய்முறை சொல்றேன், கேளுங்க. மீனின் குடல், செவுள், ரத்தம் என்று தூக்கி எறிய வேண்டியதையெல்லாம் ஒரு தொட்டியில் போடுங்கள். கூடவே நெத்திலி மாதிரி பொடிமீன். மேலே உப்பை அள்ளிக் கொட்டி, ரெண்டு மூணு மாசம் வெயிலில் வைத்து, அடிக்கடி கிளறி விடுங்கள். எல்லாம் கரைந்து கூழானதும் ஒரு கூடையை உள்ளே அழுத்தினால், தெளிந்த சாறு கூடைக்குள் ஊறி வரும். அதுதான் சரக்கு.

மூக்கைப் பொத்திக்கொண்டீர்களா? ரோமானியப் பேரரசு முழுக்க இதைத்தான் ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டது. லத்தீனில் இதற்கு ‘காரும்’ என்று பெயர் (நம்ம மிளகாய்க் காரம் இல்லை). சற்றே வேறு வகைக்கு ‘லிக்குவாமன்’. அபிசியஸ் என்பவர் பெயரில் கிடைக்கும் ரோமானியச் சமையல் நூலில் நானூற்றுச் சொச்சம் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் உப்புக்குப் பதில் இந்த மீன்சாறுதான். பேரிக்காய் போட்டுச் செய்யும் இனிப்புப் பதார்த்தத்தில்கூட ரெண்டு சொட்டு விடச் சொல்கிறது.

இது அழுகல்தானே என்று கேட்கலாம். இல்லை. அவ்வளவு உப்பில் உடலைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருக முடியாது. ஆனால் மீன் குடலில் ஏற்கெனவே இருக்கும் செரிமான நொதிகள் சும்மா இருக்காது. மீனின் புரதத்தை வெட்டி வெட்டி அமினோ அமிலங்களாக மாற்றும். அதில் முக்கியமானது குளூட்டாமிக் அமிலம். 1908-ல் ஜப்பானில் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து ‘உமாமி’ என்று பெயர் வைத்தாரே, அந்தச் சுவைக்குக் காரணமான அதே பொருள். மூக்கு ‘வேண்டாம்’ என்கும். நாக்கு ‘இன்னும் கொஞ்சம்’ என்கும்.

இந்தச் சண்டையை ரோமானியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, இது அழுகும் பொருளிலிருந்து வடியும் நீர் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே விலையையும் சொல்கிறார். ஸ்பெயினின் கார்த்தஜீனா பக்கம் கானாங்கெளுத்தி வகை மீனில் செய்த உயர்ரகச் சாறு, ஏறக்குறைய ஆறரை லிட்டர், ஆயிரம் செஸ்டர்ஸ். அன்றைய ரோமானியப் படைவீரனின் வருஷச் சம்பளமே 900 செஸ்டர்ஸ்தான்! வாசனைத் திரவியம் தவிர இவ்வளவு விலை போகும் திரவம் வேறில்லை என்கிறார்.

தத்துவஞானி செனெகாவுக்கு இது ஆகவே ஆகாது. கெட்டுப்போன மீனின் சீழ், வயிற்றை எரிக்கும் என்று ஒரு கடிதத்தில் பொரிந்து தள்ளுகிறார். இதுல வேடிக்கை என்னன்னா, செனெகா பிறந்ததே ஸ்பெயினில், கொர்தோபாவில். ஊர்க்காரச் சரக்கைத்தான் திட்டுகிறார். ஆனால் கடிதத்தை முழுசாகப் படித்தால் அவர் கோபம் மீன் மேல் இல்லை, பணக்காரர்களின் ஆடம்பரச் சாப்பாட்டின் மேல் என்று புரியும். இன்னொரு ஸ்பெயின்காரர், கவிஞர் மார்ஷியல். ஒரு கவிதையில் இதை உயர்ந்த பரிசுப்பொருள் என்கிறார். இன்னொன்றில், ஒருத்தன் மோந்து பார்த்ததுமே நல்ல வாசனைத் தைலம் மீன்சாறாக மாறிவிட்டது என்று அவன் வாய்நாற்றத்தைக் கிண்டலடிக்கிறார். பரிசும் அதுதான், வசவும் அதுதான்.

ஆனால் என்னை ரொம்ப யோசிக்க வைத்தவர் லியுட்பிராண்ட். இத்தாலியின் கிரெமோனா நகர பிஷப். 968-ல், ஜெர்மானியப் பேரரசர் முதலாம் ஆட்டோவின் மகனுக்குப் பெண் கேட்டு கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தூது போனார். அங்கே மரியாதை சரியில்லை. தண்ணீர்கூட இல்லாத வீட்டில் காவல் போட்டுத் தங்க வைத்தார்கள். ஆட்டோவைப் ‘பேரரசர்’ என்று சொல்லவே மறுத்தார்கள். பெண்ணும் கிடைக்கவில்லை. ஊர் திரும்பியவர் எழுதிய அறிக்கையில் பைசாந்தியச் சாப்பாட்டைக் கிழி கிழி என்று கிழிக்கிறார். எல்லாவற்றிலும் எண்ணெய், மோசமான மீன்சாறு, ஒயினில் பிசின் நாற்றம். பேரரசர் நிகெஃபோரஸ் தன் தட்டிலிருந்தே எடுத்து அனுப்பிய ஆட்டுக்குட்டிக் கறிகூட, பூண்டும் வெங்காயமும் திணித்து மீன்சாறில் குளிப்பாட்டியது என்று நக்கல்.

இதே லியுட்பிராண்ட் 949-லும் இதே நகரத்துக்கு, வேறொருவருக்குத் தூதராகப் போயிருக்கிறார். அப்போது அரண்மனையில் ராஜ உபசாரம். தூக்க முடியாத கனத்தில் தங்கப் பாத்திரங்களில் பழங்கள் வந்த விருந்தை வாய்பிளந்து வர்ணிக்கிறார். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஊர்ச் சமையல் தலைகீழாக மாறிவிடவில்லை. மாறினது அவருக்குக் கிடைத்த மரியாதை.

இன்னொரு மூக்கையும் பார்த்துவிடுவோம். வில்லியம் டாம்பியர், ஆங்கிலேயர், பாதி கடற்கொள்ளைக்காரர். 1688-ல் வடவியட்நாமின் டோங்கின் பகுதியில் இருந்தார். பொடிமீனையும் இறாலையும் உப்புநீரில் ஊறப்போட்டுச் செய்யும் கூழையும், அதிலிருந்து வடித்த சாறையும் பற்றி எழுதியிருக்கிறார். இன்று நாம் ‘நுவோக் மாம்’ என்கிற அதே சாறுதான். கூழ் நாறுகிறது, ஆனால் ருசி ஒன்றும் மோசமில்லை. சாறு அருமை, கோழிக்கறிக்குத் தொட்டுக்கொள்ள அங்குள்ள ஐரோப்பியர்களே விரும்புகிறார்கள் என்கிறார். அவருக்கு நிரூபிக்க வேண்டிய ராஜகௌரவம் எதுவும் இல்லை. பசி இருந்தது, நோட்டுப்புத்தகம் இருந்தது. அவ்வளவுதான்.

நமக்கும் இந்தச் சாறுக்கும் தொடர்பு உண்டு. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய ஆம்ஃபோரா ஜாடித் துண்டுகளை எலிசபெத் லைடிங் வில் ஆராய்ந்தபோது, மது ஜாடிகளோடும் ஆலிவ் எண்ணெய் ஜாடிகளோடும் மீன்சாறு ஜாடிகளும் இருப்பதை அடையாளம் கண்டார். கருவாடு காய்ந்த அதே கடற்கரைக்கு, கப்பலேறி வந்த மீன்சாறு!

அந்தக் கடற்கரையைப் பாடிய நற்றிணையின் 45-ஆம் பாட்டில், தேரில் வந்த செல்வர் வீட்டுப் பிள்ளையிடம் பரதவர் பெண்ணின் தோழி பேசுகிறாள். நாங்கள் மீன் உணக்குகிறவர்கள், எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில்லுங்கள் என்கிறாள். மீன் வாடைக்குப் பின்னால் யார் பெரியவர் என்ற கணக்கு ஓடுவது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. கெஞ்சவில்லை, வெட்கப்படவும் இல்லை. எங்கள் வாழ்க்கை எங்களுக்குப் போதும் என்று நிமிர்ந்துதான் சொல்கிறாள்.

கெட்டுப்போன உணவைக் கண்டு முகம் சுளிப்பது உயிர்காக்கும் குணம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பழகாத வாடை வேறு, கெட்ட வாடை வேறு. ரெண்டையும் குழப்பிக்கொண்டால், சாப்பாட்டின் மேல் வரும் அருவருப்பு சீக்கிரமே சாப்பிடுகிற ஆளின் மேல் இறங்கிவிடும். ‘கருவாடு சமைப்பீங்களா?’ என்று கேட்டுவிட்டு வீடு இல்லை என்று சொல்கிற இடத்தில் மூக்கு வெறும் சாக்கு. ஆங்கிலேயர்கள் பெருமையாக ஊற்றிக்கொள்ளும் வூஸ்டர்ஷையர் சாஸில் இருப்பதும் உப்பில் ஊறிய நெத்திலி வகை மீன்தான், கூடவே நம்ம புளி. அந்த பாட்டில் இருக்கிற அடுப்படிக்கு யாரும் வீடு மறுப்பதில்லை.