பழைய ஆட்டமும் அதற்குக் கட்டிய அறையும்: கன்சோல் பாதுகாப்பில் பின்னோக்கிய இசைவு

முந்தைய தலைமுறைக் கருவிக்கென எழுதப்பட்ட ஆட்டங்களைப் புதிய வீடியோ கேம் கன்சோல் இயக்கும் திறன் பின்னோக்கிய இசைவு எனப்படும். ஆட்டத்தின் நிரல் தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்தையும் உரிமைகளையும் தாண்டாதபடி அதை அடைத்துவைக்கும் ஏற்பாடு ‘மணற்பெட்டி’ எனப்படும். முன்னதைக் காத்தால் பின்னது பலவீனப்படும் என்ற எண்ணம் பொதுவாக நிலவுகிறது. ஆனால், காவல் உடைந்த இடங்களைக் கூர்ந்து நோக்கினால், பழைய ஆட்டத்தில் ஓட்டை இருப்பது இயல்பே என்பதும், அதை எதிர்பார்த்து அறையைக் கட்டாததே குறை என்பதும் புலப்படும்.

நின்டெண்டோ 2006இல் வெளியிட்ட வீ கன்சோல் இதற்குத் தெளிவான சான்று. அது கேம்கியூப் ஆட்டங்களை இயக்கும் முறைக்கு மாறும்போது, 64 மெகாபைட் வெளி நினைவகத்தில் 16 மெகாபைட்டை மட்டும் ஆட்டத்துக்கு விட்டு எஞ்சியதைப் பூட்டிவைத்தது. பூட்டிய பகுதியில் முன்பு எழுதப்பட்டிருந்தவற்றை அழிக்கவில்லை. அந்த எச்சத்தில் மறையாக்கத் திறவுகோல்களும் கிடந்தன. ‘டீம் ட்வீசர்ஸ்’ குழுவினர் பலகையில் நினைவகத்தின் முகவரித் தடங்களைச் சாதாரண இடுக்கியின் முனைகளால் இணைத்து, பூட்டிய பகுதிகளைத் துண்டுதுண்டாகப் படித்தெடுத்தனர். வீ முறையில் தம் சொந்த நிரல் ஓடுவதை 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் காட்டினர். முறை மாறுமுன் நினைவகத்தைத் துடைத்திருந்தால் இடுக்கிக்கு அங்கே எதுவும் அகப்பட்டிருக்காது.

2022இல் சிடர்ட் என்ற புனைபெயர் கொண்ட ஆய்வாளர் வெளியிட்ட ‘மாஸ்டிகோர்’ ஊடுருவலும், ஓட்டையை எதிர்பார்த்து அறையைக் கட்டாததே குறை என்ற இதே பாடத்தையே தருகிறது. பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவற்றில் பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்களை ஓட்டும் எமுலேட்டரை, அதாவது பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருளை, ‘ஒகாகே’ ஆட்டத்தின் திருத்தப்பட்ட சேமிப்புக் கோப்பு வழியே அவர் கைப்பற்றினார்.

இந்தியாவைப் பொறுத்தவரை பின்னோக்கிய இசைவு வெறும் பொறியியல் வினா அன்று. ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’, அதே நகரின் கேம்சாஸ்த்ரா உருவாக்கிய ‘தேசி அட்டா’ ஆகிய இரண்டும் 2009இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தன. பின்னதில், ஆலங்குளத்திலும் ராஜபாளையத்திலும் எந்தச் சிறுவனும் அறிந்த கபடியும் கிட்டிப்புள்ளும் ஒரு கன்சோல் வட்டில் ஏறின. ஆனால் 2006இல் பிளேஸ்டேஷன் 3இன் தொடக்க மாதிரிகளில் இருந்த பழைய சில்லுகள் படிப்படியாக நீக்கப்பட்டுவிட்டதால், இவ்வட்டுகள் கடைக்கு வந்த ஆண்டில் விற்ற புதிய பிளேஸ்டேஷன் 3 அவற்றை ஓட்டாது. பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவையும் பிளேஸ்டேஷன் 2 வட்டுகளை ஏற்பதில்லை; தேர்ந்தெடுத்து மறுவெளியீடு செய்த ஆட்டங்களையே அவை இயக்கும்.

பிளேஸ்டேஷன் 2 தன் முன்னோடியின் மையச் செயலியையே உள்ளீடு, வெளியீட்டுப் பணிக்கு அமர்த்தி, பழைய வட்டு செருகப்பட்டபோது அதையே ஆட்டத்துக்கு ஒப்படைத்தது. இன்றைய கருவியில் அத்தகைய தனிச் சில்லு தேவையில்லை. எமுலேட்டரை அந்நியனாகக் கருதி, வலையமைப்பும் பிற கோப்புகளும் எட்டாத, ஒவ்வொரு முறையும் துடைக்கப்படும் ஓர் அறை போதும். அவ்வறை கட்டப்படாதவரை, ‘தேசி அட்டா’வின் கிட்டிப்புள், லென்ஸ் தேய்ந்துவரும் பழைய பிளேஸ்டேஷன் 2 கருவிகளை நம்பியே இருக்கும்.