கம்பியும் முற்றுரிமையும்

ஐக்கிய அமெரிக்காவிலே கேபிள் தொலைக்காட்சி 1948ஆம் ஆண்டளவிற் பென்சில்வேனியா, ஒறிகன் முதலிய மாநிலங்களின் சிற்றூர்களிலே தோன்றியது. மலையாலோ தொலைவாலோ ஒளிபரப்புக் கிட்டாத மக்கள், உயரமான இடத்தில் நாட்டப்பெற்ற பொது அன்ரனாவிலிருந்து கம்பி மூலம் அதனைப் பெற்றனர். நாளடைவில், உள்ளூராட்சி அமைப்புகளின் உரிமம் பெற்று, பெரும்பாலும் ஊருக்கொரு கம்பனி இயங்கலாயிற்று. ஒரே வீதியில் இரண்டாவது கம்பியை இழுக்கும் செலவு மிகப் பெரிதாதலின் போட்டி அரிதாயிற்று.

1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், தொலைபேசிக் கம்பனிகளும் கேபிள் கம்பனிகளும் ஒன்றன் களத்தில் மற்றது இறங்க வழி திறந்தது. எதிர்பார்க்கப்பட்டது போட்டி, பெரிதும் விளைந்ததோ ஒன்றிணைவு. 1963இல் மிசிசிப்பி மாநிலத்தின் ரூப்பெலோ நகரில் ஏறத்தாழ 1,200 சந்தாதாரரைக் கொண்ட சிறு அமைப்பொன்றுடன் தொடங்கிய கொம்காஸ்ற், 2002இல் ஏ.ரி. அன்ட் ரி.யின் கேபிள் பிரிவை வாங்கி அத்துறையின் முதலிடத்தைப் பெற்றது.

2014இல் அது ரைம் வோர்னர் கேபிளையும் வாங்க முற்பட்டது. இரு கம்பனிகளும் ஒரே பகுதியிற் போட்டியிடுவதில்லை, ஆதலின் இணைப்பாற் போட்டி குறையாது என்பது அதன் வாதம். துறையிற் போட்டி எத்துணை அருகியிருந்தது என்பதற்கு இவ்வாதமே சான்றெனலாம். ஆயின், அதே கம்பி இப்போது இணையத்தையும் சுமந்தது. அதிவேக இணைய வழி ஒரு கையிற் குவியும் என்ற எதிர்ப்பு வலுக்கவே, 2015இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. மறு ஆண்டே ரைம் வோர்னர் கேபிளைச் சாட்டர் கம்பனி வாங்கியது.

சட்டம் போட்டியை அனுமதிக்கலாம்; இரண்டாவது கம்பியை அதனால் இழுத்துத்தர இயலாது.