கிம்மாஸ் சந்திப்பு

நெகிரி செம்பிலானின் தென்கிழக்கு எல்லையில், ஜொகூரை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் கிம்மாஸ். சுற்றிலும் தோட்டங்கள். ஊரின் பெயரைத் தொலைவிலுள்ளோரும் அறிந்தமைக்குக் காரணம், இரு பாதைகள் அங்கே பிரிவதுதான்.

1906-இல் இருப்புப்பாதை இவ்வூரை எட்டியது. 1909-இல் ஜொகூர்ப் பாதை முற்றுப்பெறவே, தெற்கே ஜொகூர் பாரு வரை வண்டி ஓடலாயிற்று. மறு ஆண்டு கிம்மாஸிலிருந்து பகாவுக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. அதுவே காடும் மலையும் கடந்து, 1931-இல் கிளந்தானின் தும்பாட்டோடு இணைந்த கிழக்குக்கரைப் பாதை. ஏறத்தாழ 526 கிலோமீட்டர். மண் வெட்டிச் சல்லி பரப்பியோரில் தமிழர் மிகப் பலர். நிலையங்களில் எழுத்தராகவும் நிலையத் தலைவராகவும் அமர்ந்தோருள் யாழ்ப்பாணத்தார் பலர். கடலூரும் நாகையும் தாண்டி வந்த தொழிலாளிக்குத் தோட்டத்தின் வாயில் என்பது பெரும்பாலும் ஒரு சிறு புகைவண்டி நிலையமே. பால் உறைந்த தகடுகள் துறைமுகம் சென்றதும் அவ்வழியேதான்.

1942 சனவரி 14 அன்று கிம்மாஸுக்கு மேற்கே கெமெஞ்சே அருகே ஆஸ்திரேலியப் படையினர் பாலத்தைத் தகர்த்து ஜப்பானியரை மறித்தனர். வரலாற்று நூல்கள் இதனை விரிவாகவே பேசும். அடுத்து நிகழ்ந்ததே தமிழர்க்குப் பெருந்துயராயிற்று.

சயாம்–பர்மா இருப்புப்பாதைக்கு இரும்பு வேண்டியிருந்தது, ஆளும் வேண்டியிருந்தது. கிழக்குக்கரைப் பாதையில் பகாங், கிளந்தான் பகுதிகளில் நெடுந்தொலைவுக்குத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. மலாயாவிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் சரக்குப் பெட்டிகளில் வடக்கே ஏற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். முன்னோர் இட்ட இரும்பும் அவர்தம் மக்களும் ஒரே காட்டுக்குச் சென்றனர் எனலாம். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் பல்லாயிரவரை மாய்த்தன.

பெயர்த்த பாதை 1950களில்தான் மீண்டும் முழுமை பெற்றது. 2013-இல் மின்சார இரட்டைப் பாதை சிரம்பானிலிருந்து கிம்மாஸை எட்டி, புதிய நிலையமும் எழுந்தது. காஞ்சனபுரியிலோ நேசநாட்டுப் போர்வீரர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தோட்டத்தினின்று சென்று மடிந்தோருள் மிகப் பெரும்பாலோர்க்கு அத்தகைய கல் ஒன்றும் இல்லை.