தொக்கெலாவின் பங்கீட்டு மரபு

தென் பசுபிக் சமுத்திரத்தில், சமோவாவுக்கு வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தூரத்தில் அற்றாவு, நுக்குனோனு, பக்காவோவோ என்னும் மூன்று கங்கண முருகைக்கற்றீவுகள் உள. இவை சேர்ந்ததே தொக்கெலாவு. மூன்றினதும் நிலப்பரப்பு 12 சதுர கிலோமீற்றர் அளவினதே. கடல் மட்டத்திலிருந்து 5 மீற்றருக்கு மேல் உயர்ந்த இடம் காண்பதரிது. ஆறோ மலையோ இல்லாத இந்நிலத்திற் பல நூற்றாண்டுகளாக ஒரு மக்கட் கூட்டம் வாழ்ந்து வந்தமை எங்ஙனம் என்பது ஆராயத்தக்கதாகும்.

முருகைக்கல் மணல் வளம் குன்றியது. ஆதலின் நன்னீர் ஊறும் ஆழம்வரை குழிகளைத் தோண்டி, இலைதழைகளை இட்டு மக்கச்செய்து, 'புலக்கா' என்னும் சேம்பு வகையை மக்கள் பயிரிட்டனர். தென்னை, ஈரப்பலா, தாழை ஆகியனவும் பயன்பட்டன. ஆயினும் வாழ்வுக்கு ஆதாரமாயமைந்தது மீனேயாம். ஆடவர் கனாவா மரத்தாற் செய்த வள்ளங்களிற் கடனீரேரியிலும் புறக்கடலிலும் மீன்பிடித்தனர். தூண்டில் முதலியவற்றை நீர் புகாத மூடியுடைய 'துலுமா' என்னும் மரப்பெட்டியில் வைத்துக் கொண்டு சென்றனர். நிலமும் தோப்பும் தனியாருக்கன்றிக் 'கைங்கா' எனப்படும் உறவுக் குழுக்களுக்கே உரியனவாயிருந்தன. அவ்வுரிமை தந்தை வழியும் தாய் வழியும் கிடைத்தது. கடலுக்குச் செல்வது சகோதரன் கடனாகவும், வீட்டிலிருந்து உணவைப் பகிர்வது சகோதரியின் கடனாகவும் கொள்ளப்பட்டன.

இச்சமூக அமைப்பின் உயிர்நாடி 'இனாத்தி' என்னும் பங்கீடாகும். ஊர் கூடிப் பிடித்த மீன் கரையிற் குவிக்கப்பட்டு, தலைக்கணக்கின்படி பங்கிடப்படும். குழந்தை, முதியோர், நோயாளர், விதவை என எவரும் அக்கணக்கிலிருந்து விலக்கப்படுவதில்லை. இதனை ஈகை எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஈகையிற் கொடுப்போன் உயர்வும் ஏற்போன் தாழ்வும் உண்டு. இங்கோ பங்கு பெறுதல் ஊரவன் என்னும் உரிமையேயாம். புயலொன்று தோப்பை அழிக்கக்கூடிய சூழலில், இன்று கொடுப்பவன் நாளை பெறுபவனாகலாம் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

இவ்வமைப்பு கடுஞ்சோதனைகளுக்கு உட்பட்டது. 1863இல் பெரு நாட்டுக்கு அடிமைத் தொழிலாளரைத் திரட்டிய கப்பல்கள் இத்தீவுகளிலிருந்து 250 பேர் வரையிற் கவர்ந்து சென்றன. அது அன்றைய குடித்தொகையில் ஏறக்குறைய அரைவாசி. அவர்களுட் பெரும்பாலோர் மீளவில்லை. எஞ்சியோரும், பின்னர் வந்து குடியேறி மணவுறவு கொண்டோருமே ஊர்களை மீளக் கட்டியெழுப்பினர். 1889இற் பிரித்தானியப் பாதுகாப்பின் கீழ் வந்த தொக்கெலாவு 1926இல் நியூசிலாந்தின் நிருவாகத்துக்கு மாறியது. 1966ஆம் ஆண்டுப் புயலின் பின் நியூசிலாந்துக்குக் குடிபெயர்வு பெருகிற்று. 2016இல் தீவுகளின் குடித்தொகை ஏறத்தாழ 1,500 ஆக, 2018இல் நியூசிலாந்தில் வாழ்ந்த தொக்கெலாவர் 8,000இற்கு மேற்பட்டிருந்தனர். கூலி வேலையும் பணமும் புகுந்தமையால், எல்லோரும் ஒருங்கே கடலுக்குச் செல்லும் வழக்கம் தளர்ந்தது. எனினும் இனாத்தி மறைந்துவிடவில்லை.

2006, 2007 ஆகிய ஆண்டுகளிற் சுயாட்சி குறித்து நடைபெற்ற இரு வாக்கெடுப்புகளிலும் பெரும்பான்மையோர் ஆதரித்தபோதும், வேண்டப்பட்ட மூன்றிலிரு பங்கு கிட்டவில்லை. வாக்கெடுப்பில் எழுந்த வினா அரசு பற்றியது. அதற்கும் அடிப்படையான வினா இனாத்தியில் உள்ளது. கடலுக்குச் செல்ல இயலாதோனுக்கும் மீனிற் பங்குண்டு என்பதை ஏற்கும் சமூகமே அத்துணைச் சிறு நிலத்தில் நிலைக்க முடிந்தது என்பதே தொக்கெலாவின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.