மரப்படியும் தளமும்: நிறம் சேர்ந்ததும் பிரிந்ததும்

புதிதாக வீடு கட்டுபவர்கள் மரப்படி வைக்க ஆசைப்பட்டால் முதலில் வரும் தலைவலி, படியின் நிறம் தளத்தோடு ஒத்துப்போகுமா என்பதுதான். கடைக்காரர் பாலிஷ் வண்ண அட்டையை நீட்டுவார். தேக்கு நிறம், வால்நட் நிறம், மகோகனி நிறம்... பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடும். சரி, அந்தக் காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

உடன்குடியையே எடுத்துக்கொள்ளலாம். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது தூத்துக்குடி மாவட்டம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டியைக் கொடுத்த பனைதான் இந்தப் பகுதி வீடுகளுக்கு மரமும் கொடுத்தது. முற்றிய பனையின் வெளிப்பக்கம் கறுத்து வைரம் பாய்ந்திருக்கும். அதைப் பிளந்து உத்தரமாகவும் கைமரமாகவும் போட்டார்கள். ஆனால் உள்பக்கம் மென்மையானது. அதனால் பனையில் அகலமான பலகை எடுக்க முடியாது. படிக்கும் மச்சுக்கும் பலகை வேண்டுமென்றால் தேக்கு, பலா, அயினி போன்ற மரங்களைத்தான் தேட வேண்டும்.

தேக்கு சுலபமாகக் கிடைக்கிற மரம் அல்ல. மேற்கே திருவிதாங்கூரில் அது அரச மரம்; அதாவது யார் நிலத்தில் வளர்ந்தாலும் அரசுக்கே சொந்தம். விலை கொடுத்து வாங்கிய மரத்தை யாரும் வீணாக்க மாட்டார்கள். மச்சுக்கு அறுத்த மரத்திலேயே படியும் செய்தால் மிச்சம். ஒரே மரம், ஒரே ஆசாரி, ஒரே எண்ணெய். புதிதில் பொன்னிறமாக இருக்கும் தேக்கு, வருடம் போகப் போகப் பழுப்பேறும். படியும் மச்சும் சேர்ந்தே பழுப்பேறின. அங்கே நிறத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அதுவாகவே பொருந்தியது.

ஆனால் கீழ்த்தளம்? கறையான் இருக்கும் மண்ணில் மரத்தளம் போட்டால் நிற்காது. அதனால் கீழே சுண்ணாம்புக் காரைதான். மரப்படி இறங்கி வந்து காரைத் தரையைத் தொடும் இடத்தில்தான் உண்மையான பிரச்சினை ஆரம்பிக்கிறது. இதற்கு அருமையான விடை தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கிறது.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அது. மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1750-ஐ ஒட்டி, அரண்மனையின் பெரும்பகுதி விரிவாக்கப்பட்டது. கூரை, தூண், செங்குத்தான குறுகிய படிகள் எல்லாம் மரம். தரையோ முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் கறுப்பு. சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறு கலந்து தேய்த்துத் தேய்த்துப் போட்ட தரை. வயதேறிக் கறுத்த மரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்பு கொஞ்சமும் உறுத்தவில்லை. மரத்துக்குச் சாயம் பூசித் தரையோடு சேர்க்க வேண்டிய தேவையே அங்கு வரவில்லை. ஆச்சரியமான விஷயம் என்னவென்றால், 1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்த அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1852-இல் கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்கு வந்தபின் பர்மா தேக்கு வணிகம் பெருகியது. 1885-இல் நடந்த மூன்றாம் ஆங்கிலோ-பர்மியப் போருக்குக் காரணங்களில் ஒன்றே, பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு மன்னர் திபோவின் அரசு விதித்த அபராதம்தான். தேக்குக்காக ஒரு ராஜ்யமே போனது என்று கூடச் சொல்லலாம்! அந்தத் தேக்கு செட்டிநாட்டு வீடுகளில் தூணாகவும் கதவாகவும் நின்றது. பக்கத்திலேயே இத்தாலிய சலவைக்கல், ஆத்தங்குடிப் பூக்கல். மரம் ஒரு நாட்டிலிருந்து, தரை வேறு நாட்டிலிருந்து. நிறம் சேர்ப்பது செலவு செய்பவரின் ரசனையாக மாறியது அப்போதுதான்.

1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்தக் கப்பல் வணிகம் நின்றது. சிமெண்ட், ரெட் ஆக்சைடு, மொசைக் எதற்கும் ஆசாரியைக் கேட்க வேண்டியதில்லை. தரை போடுபவர் ஒருவர், படி செய்பவர் ஒருவர் என்று வேலையும் பிரிந்தது. நிறம் பொருந்தாமல் போனதற்கு இந்தப் பிரிவுதான் முக்கியக் காரணம்.

இதில் இன்றைக்கு எடுத்துக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது. பழைய வீட்டை இடிக்கும்போது படிப்பலகை பழைய மரக்கடைக்குப் போய்விடுகிறது. அதைக் காப்பாற்றிப் புது வீட்டில் வைப்பவர்கள், அதன் நிறத்தைச் சுரண்டி எடுத்து டைல்ஸுக்குத் தகுந்தாற்போல் சாயம் பூசுகிறார்கள். அது தலைகீழ் வேலை. நூறு வருடப் பழுப்பை எந்த டப்பாவும் தராது. தரையை எந்த நிறத்திலும் வாங்கலாம். முதலில் மரம், அப்புறம்தான் தரை. பத்மநாபபுரத்துக் கறுப்புத் தரை சொல்வது அவ்வளவுதான்.